சந்தைத் தொட்டிக்கு ஓட்டு

1996 செப். 24, செவ்வாய்

மேகம். மழை இல்லை. பால் டிப்போவில் கேன் கழுவுகிறவள் வரவில்லை, நானே கழுவினேன். எல்லோர் பாலிலும் தண்ணீர் கலப்பு உண்டா என்று டிகிரி பார்த்து எழுதி முடிக்க எட்டரை.

பிறகு பக்கத்து வீட்டு ரங்கமணியுடன் மாட்டுச் சந்தைக்கு. அவளுடைய வற்றிப்போன எருமையை விற்க. போயிருக்கவே கூடாது. தண்ணீர்த் தொட்டி பிளந்து கிடக்கிறது, உள்ளே எருக்கஞ்செடி இடுப்பு உயரம். லாரியில் மாடு ஏற்ற மேடை கிடையாது. கொம்பில் கயிறு போட்டு மேலே இரண்டு பேர் இழுக்க, கீழே இரண்டு பேர் வாலை முறுக்க. ஒரு செவலை மாடு பாதியில் வழுக்கி விழுந்தது. முன்னங்கால் முறிவு. உச்சி வெயில் வரை அங்கேயே கிடந்தது. உக்கடத்து வியாபாரி ரகீம் பாய் மட்டும் டீக்கடையில் வாளி வாங்கித் தண்ணீர் வைத்தார். இத்தனைக்கும் அது அவர் மாடு இல்லை.

பஞ்சாயத்துச் சுங்கம் வசூலிப்பவரிடம் கேட்டேன்.

“ஏனுங்க, தொட்டிய எப்பத்தானுங்க கட்டுவீங்க?”

“எலக்சன் வருதில்லீங்களா அம்மணி, வாரவங்களக் கேளுங்க. ஆனா மாடென்ன ஓட்டாங்க போடப்போகுது?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ரங்கமணியும் சிரித்தாள். அவளோடு பஸ்ஸில் பேசவில்லை.

மாடு போடாது. கறக்கிறவள் போடுவாள்.

எழுத வெட்கமாக இருக்கிறது. போன வருஷம் என் பசு லட்சுமியையும் இதே சந்தையில்தான் விற்றேன். வழக்கப்படி பழைய கயிற்றை மட்டும் கழற்றிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் பஸ் ஏறினேன். அன்றைக்கு அது தண்ணீர் குடித்ததா என்று இன்றுவரை தெரியாது.

செப். 26, வியாழன்

தாளில் எழுதியது:

1. சந்தையில் தண்ணீர்த் தொட்டி, நிழல்.
2. லாரிக்கு ஏற்றுமேடை.
3. செவ்வாய் தோறும் மாட்டு டாக்டர்.

கீழே: “இதை ஊரறிய ஒப்புக்கொள்கிறவருக்கே எங்கள் ஓட்டு.” பால் ஊற்ற வருகிற வரிசையிலேயே கையெழுத்து வாங்கினேன், காலை, மாலை இரு வேளையும். வேறெங்கே போய் இத்தனை பெண்களைப் பிடிப்பது? யாரும் பெரிதாக மறுக்கவில்லை. ஒருத்தி மட்டும், “டாக்டர் வந்தாச் சினை ஊசியும் போடுவாருங்களா?” போடுவார் என்று சொல்லிவிட்டேன். யாருக்குத் தெரியும்.

ஊராட்சித் தலைவருக்கு நிற்பது இரண்டு பேர். ஒன்று, டிப்போ நடத்தும் என் முதலாளி பெரியசாமி, பூட்டுச் சாவிச் சின்னம். இன்னொன்று தறிக்காரர் தங்கவேலு, சீப்பு. இரண்டு பேருக்கும் கொடுக்கப்போகிறேன். முதலாளிக்குக் கடைசியில்தான்.

தலைவலித் தைலம் வாங்க வேண்டும்.

செப். 29, ஞாயிறு

மானம் போயிற்று.

தங்கவேலு வீட்டு வாசலில் தாளைக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவர் ஓட்டர் லிஸ்டை எடுத்துவரச் சொன்னார்.

“இதுல எழுபத்தொண்ணுன்னு எழுதியிருக்குதுங்களே, அது ஆருங்க? நாப்பத்திமூணு ஆரு? அப்படிப் பேர்ல நம்ம ஊர்ல ஆருக்கும் ஓட்டு இல்லீங்களே.”

டிப்போ பழக்கம். பதினோரு வருஷமாக எல்லோரையும் பாஸ் புத்தக நம்பரில்தான் கூப்பிடுகிறேன், நம்பரில்தான் எழுதுகிறேன். தாளிலும் நம்பரை எழுதிப் பக்கத்தில் கைநாட்டு வாங்கியிருக்கிறேன், கழுதை. பாஸ் புத்தகத்தில் பார்த்துப் பேர் போடலாம் என்றால் அதில் முழுக்க ஆம்பளைப் பேர். கறப்பது அவள், தூக்கி வருவது அவள், பேர் அவருடையது.

சாயங்காலம் வரிசையில் எழுபத்தொன்றிடம் பேர் கேட்டேன். அறுபது வயது இருக்கும், நெளிந்தாள்.

“பேரெதுக்குங்க அம்மணி, மாரப்பன் ஊடுன்னு எழுதிக்குங்க.”

“ஓட்டு மாரப்பனுக்கா இருக்குது? உங்களுக்குத் தனியா இருக்குதுங்க.”

“மயிலாத்தா” என்றாள். மெல்ல, யாரோ திட்டப்போவது போல.

அக். 1, செவ்வாய்

கிராம அலுவலகத்தில் ஓட்டர் லிஸ்ட் பார்த்துப் புதுத் தாளில் பேர் பேராக. பாகம் எண், வரிசை எண்ணோடு. நான்கு பக்கம் வந்தது; தங்கவேலுவுக்கு ஒரு நகல், முதலாளி மேஜையில் ஒன்று. ரங்கமணி தானாகவே வந்து கையெழுத்துப் போட்டாள். அந்தச் செவலையின் கண் கனவில் வருகிறதாம். அவளோடு சமாதானம்.

சந்தையில் ரகீம் பாய்க்கு ஒரு நகல். “எனக்கு ஓட்டு இங்க இல்லீங்கம்மா. ஆனா நாள் பூரா தண்ணியில்லாம நின்ன மாட்ட வாங்கி நட்டப்படற வியாபாரி ஒவ்வொருத்தனும் உங்க கட்சிதான்னு சொல்லுங்க.” சொல்கிறேன்.

அக். 2, புதன்

பெரியசாமி கூப்பிட்டார். மேஜையில் என் நான்கு பக்கம்.

அவர் பழைய மாட்டுத் தரகர். பேசிக்கொண்டே தோள் துண்டை எடுத்து வலது கையில் போட்டு மூடி என் பக்கம் நீட்டினார். சந்தையில் விலை பேசுகிறவர்கள் செய்வது. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்தால் இருவருக்கு மட்டும்தான் தெரியும்.

“நமக்குள்ளயே முடிச்சுக்கலாம் அம்மணி. செயிச்சதுமே தொட்டி கட்டிப்போடறேன். இந்தத் தாளக் கிழிச்சுப்போடு. ஊரக் கூட்டிச் சத்தியம் பண்ணுனா, நாளைக்கு ஆளாளுக்கு ஒண்ணு கேப்பாங்க.”

நான் விரலை நீட்டவில்லை, கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். சொல்லியும்விட்டேன்.

“துண்ட எடுத்துப்போட்டுச் சொல்லுங்க. வரிசைல நிக்கறவங்க காதுல உழுகோணும்.”

“அப்ப நாளையிலிருந்து வர வேண்டாம்.”

அவ்வளவுதான். பதினோரு வருஷம்.

வீட்டுக்காரர் பட்டறையிலிருந்து வந்து கேட்டார். “ஏனம்மிணி, ஒரு தொட்டிக்கா வேலைய உட்டுப்போட்டு வந்தே?”

“உடலீங்க. புடுங்கிக்கிட்டாங்க.”

சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிறகு, “நல்லாத்தான் கேட்டிருக்கறே” என்றார். அழுதுவிட்டேன்.

அக். 4, வெள்ளி

விடிகாலைப் பனி. மனசு அடங்காமல் டிப்போ வாசலுக்குப் போனேன். உள்ளே போகவில்லை. ரோடு பொதுச் சொத்து.

என் இடத்தில் முதலாளியின் மருமகன். டிகிரி பார்க்கும் கண்ணாடிக் குழாயைத் தலைகீழாகப் பிடித்திருந்தார். முதல் ஆள் மயிலாத்தா. பால் தூக்குப்போசியைத் தரையில் வைத்தாள்.

“மாமனாரக் கூப்புடுங்க. அந்தத் தாள அவரு வாயால சத்தமாப் படிக்கட்டும். அப்பறம் ஊத்தறோம்.”

நான் சொல்லிக்கொடுக்கவில்லை. சத்தியமாக. ஒருத்தி பின்னால் ஒருத்தியாகக் கீழே வைத்தார்கள். பால் எடுக்கிற வேன் வந்து ஹாரன் அடித்தது. வெயில் ஏறினால் பால் திரியும், நட்டம் இவர்களுக்கும்தான். யாரும் நகரவில்லை. எருமையை விற்றுவிட்ட ரங்கமணிக்குக் கறக்க மாடே இல்லை, காலிப் போசியோடு நின்றாள்.

பெரியசாமி வந்தார், பார்த்தார், படித்தார். தொட்டி, நிழல். ஏற்றுமேடை. நிறுத்தினார்.

“மூணாவதுங்க,” நாலைந்து குரல்.

டாக்டரையும் படித்தார். “செய்யறேன்” என்றார். “கேக்கலீங்க” என்றாள் மயிலாத்தா. மறுபடி சொன்னார், வேன் டிரைவருக்கும் கேட்கும்படி. அதன் பிறகுதான் ஊற்றினார்கள்.

என்னை வேலைக்குத் திரும்பக் கூப்பிடவில்லை. கூப்பிடமாட்டார். பத்து மணிக்குத் தங்கவேலு ஓடி வந்து, தானும் படிப்பதாகச் சொன்னார். சாயங்காலம் வரிசைக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த வாரம் ஓட்டு. இரண்டு பேரும் என்னிடம் ஆள் விட்டுக் கேட்டாகிவிட்டது, யாருக்குப் போடுவேன் என்று. சொல்லவில்லை. பயந்துகொண்டே இருக்கட்டும்.