மேட்டுப் பாத்தி

மாமி,

நேற்றைய மழையில் கோழி எரு மூட்டை நனைந்து, காலையிலிருந்து வீடே நாறுகிறது. நீங்கள் இருந்திருந்தால் "நல்ல வாசம்லா" என்று சொல்லி என்னை எரிச்சல்படுத்தியிருப்பீர்கள். வாங்கி வந்தது நான்தான். ஆமாம், உங்கள் மருமகளேதான்.

சுங்காய் எஸ்டேட்டை விட்டு எங்களோடு செமோர் வீட்டுக்கு வந்த முதல் வாரமே கொல்லையைப் பங்கு பிரித்தீர்கள். மேடான பக்கம் உங்களுக்கு. ஐப்பசி மழையில் குளமாக நிற்கும் சாக்கடை ஓரம் எனக்கு. "அந்த லோங்காங் ஓரம் உனக்குப் போதும்லா. நீ என்னத்த நடப் போற?" என்றீர்கள். கோபத்தில் எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. மறுநாளே சந்தையில் வாங்கிய கங்கோங் கீரைத் தண்டுகளைச் சேற்றில் செருகினேன். மழை கொட்டக் கொட்ட அது தழைத்தது. உங்கள் கீரை நாற்றோ மழையடியில் படுத்துவிட்டது. நான் பறித்த கங்கோங் கட்டைப் பார்த்து, "தண்ணியில தானா வந்திருக்கு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். ஆனால் பெலாச்சான் இறால் விழுது போட்டுப் பிரட்டியதை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள். அதை நான் மறக்கவில்லை.

நீங்கள் போன பிறகு மேட்டில் புல் மண்டிவிட்டது. போன வாரம் உங்கள் மகன், "அம்மாவே போயாச்சு, இனி யாருக்குத் தோட்டம்? சிமெண்டு போட்டா கொசுத் தொல்லையும் போயிடும்" என்றார். ஆளும் பேசிவிட்டார்.

இன்று பத்து மணிக்கு மணல் லோரி வந்தது. அதற்குள் நான் புல்லைக் கொத்தி, எரு போட்டு, மேடு முழுக்க வெண்டி விதை ஊன்றிவிட்டேன். கையெல்லாம் மண்ணோடு வாசலில் நின்று, "அண்ணே, மணல திருப்பிக் கொண்டு போயிருங்க" என்றேன்.

உங்கள் மகனுக்கு வந்ததே கோபம். "இந்தத் தோட்டத்துக்காக அம்மாகூட தினம் சண்ட போட்டவ தானே நீ?"

"ஆமா, போட்டேன். நான் சண்ட போடலாம். நீங்க சிமெண்டு போடக் கூடாது."

லோரி போய்விட்டது. அவர் இன்னும் என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும். இந்தப் பிடிவாதம் உங்களிடமிருந்து ஒட்டிக்கொண்டது. இனி அது என்னை விட்டுப் போகாது.

வெண்டி முளைத்தால் வரிசை கோணல் என்று குறை சொல்ல நீங்கள் இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை. வெளியே மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது. விதை அழுகினால் திரும்ப ஊன்றுவேன். அதுவும் அழுகினால் இன்னொரு முறை. உங்கள் மேட்டை உங்கள் மகனுக்குக்கூட விட்டுத்தர மாட்டேன், மாமி.