உள்ளே ஒருவர் மட்டும்

9 நவம்பர் 1992, திங்கள்

மழை விடவில்லை. விறகெல்லாம் ஈரம். தண்ணீர் கொதிக்கவைத்து முடிக்க மத்தியானம்.

காலையில் சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ., வந்தார். மகள் நிலாவுக்கு வாந்திபேதிதானாம். சாவகச்சேரிச் சந்தைக்குப் பின்னால், பள்ளிக்கூட மண்டபத்தில் தனி வாட்டு. இன்றைக்கே சேர்க்க வேண்டும். வீட்டில் வைத்துப் பார்க்கிறேன் என்றேன்.

"நான் கேக்க வரேல்லைத் தங்கச்சி, சொல்ல வந்தனான். சட்டம் அப்பிடி."

பிள்ளையோடு பெண் ஒருவர் மட்டும் நிற்கலாம். என் இடுப்பில் நிலாவின் தம்பியைக் கண்டார். பால் கொடுக்கிற தாய்க்கு அனுமதி இல்லை. நான் வாய் திறக்க முதல் இவருடைய அக்கா, என் மச்சாள், உடுப்புப் பையோடு வந்துவிட்டா. கலியாணம் கட்டாதவ.

"நீர் சின்னவனைப் பாரும் மச்சாள். நான் போறன்."

நிலா அவவின் தோளில் சாய்ந்தாள். என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை. மயக்கம்தான், தெரியும். என்றாலும்.

செய்ய: தம்பியின் சீலைத் துணிகளைக் கொதிநீரில் அவிக்க. தோய்க்கச் சவர்க்காரம் தேட. கிணற்றுக்கு மருந்து போட்டாச்சு, தேத்தண்ணீர் வாயில் வைக்க முடியவில்லை.

11, புதன்

பள்ளிக்கூட வேலியடிக்குப் போனேன். நிலா எழும்பி இருக்கிறாள். மச்சாள் உப்புச் சீனித் தண்ணீரை ஊதி ஊதிக் கொடுக்கிறா. இவள் சிரித்துச் சிரித்துக் குடிக்கிறாள். என் கையால் ஒரு மிடறு இறங்காத பிள்ளை.

கூப்பிட்டேன்.

"அம்மா, வீட்டை போங்கோ. மழை."

பக்கத்து வீட்டு அன்னமக்கா: "இனி உன்ரை பிள்ளைக்கு ரெண்டு தாய்." சிரிப்பு. பிறகு, "எங்கடை கிணத்துப் பக்கம் கொஞ்ச நாளைக்கு வராதை பிள்ளை. குறை நினையாதை."

இவர்: "அக்கா நிண்டபடியால்தான் பிள்ளை தப்பினது."

ஓம். அதைத்தான் தாங்க முடியவில்லை.

12, வியாழன்

பி.எச்.ஐ. வீட்டாருக்குத் தடுப்பு மாத்திரையோடு. தன் முன்னாலேயே விழுங்க வேண்டுமாம். விழுங்கிவிட்டுப் பொய் சொன்னேன். எனக்கும் வயிற்றாலே போகுது என்று. என்னையும் உள்ளே எடுப்பார் என்ற எண்ணம்.

"அப்ப சின்னவரைப் பிரிச்சு வைக்க வேணும். ஆர் பாக்கிறது?"

"இல்லை ஐயா. இப்ப நிண்டிட்டுது."

"நீர் படிச்ச பட்டதாரி எண்டு கேள்வி" என்றார். சைக்கிளை எடுத்தார்.

15, ஞாயிறு

நிலாவை வீட்டுக்கு விட்டாச்சு. மச்சாளை விடவில்லை. நேற்று அவவுக்கும் தொடங்கிவிட்டதாம். அவவோடு நிற்கப் பெண் யாரும் இல்லை.

கேட்டவுடன் முதலில் வந்த நினைப்பு: நல்லது, இனிப் பிள்ளை என்னோடு. இங்கே எழுதாமல் வேறு எங்கே சொல்ல. இவர் படலைக் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

16, திங்கள்

நிலா உப்புச் சீனித் தண்ணீர் குடிக்கிறாள் இல்லை. குடியாவிட்டால் வாட்டுக்குத் திருப்பி எடுப்போம் என்று பி.எச்.ஐ. சொல்லித்தான் விட்டவர்.

"மாமி மாதிரி ஊதுங்கோ."

ஊதினேன்.

"அப்பிடி இல்லை. தண்ணியிலை வள்ளம் வாற மாதிரி."

திரும்ப ஊதினேன். கோப்பையைத் தள்ளிவிட்டாள். "மாமியைக் கேட்டுக்கொண்டு வாங்கோ."

தம்பியை இவரிடம் கொடுத்துவிட்டு மழைக்குள் போனேன். மச்சாள் யன்னலோரம் பாயில். என்னைக் கண்டு தலையைத் தூக்கினா.

"மச்சாள், பிள்ளைக்கு எப்பிடி ஊதினனீங்கள்?" வேலியில் நின்று கத்தினேன்.

வாயைக் குவித்தா. ஊத மூச்சு வரவில்லை.