காற்று நின்றால் மீன்

மார்ச் 9

இன்றைக்கு முந்நூற்று நாற்பது கிலோமீட்டர். முப்பத்து நான்கு வருடம் லாரி ஓட்டிய கால். ஓய்வு பெற்ற பிறகும் பெடலைத் தேடுகிறது. ஸ்ட்ரீக்கி பே என்ற கடற்கரை ஊரைத் தாண்டி ஒரு சின்ன ஊரில் வண்டிக்குப் பின்னால் இழுத்துவரும் கேரவன் வீட்டை நிறுத்தச் சொன்னாள் என் மனைவி கிளெனிஸ். பசியாம். படகுத்துறைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை, ஐந்தே மேசை. அதுதான் மீன் உணவகம். கதவில் சாக்பீஸில் எழுதியிருந்தது: ‘இன்று படகு போகவில்லை. மீன் இல்லை.’

சமைப்பதும் பரிமாறுவதும் மாரிட்ஸா என்ற அம்மாள். மீன் பிடிப்பது அவள் தம்பி.

“ஐஸ்ல வச்ச மீன் ஏதாச்சும்?” என்று கேட்டேன்.

என் தொப்பியில் இருந்த லாரிக் கம்பெனிப் பெயரைப் படித்தாள். “அது பெட்ரோல் பங்க்ல கிடைக்கும், லாரிக்காரரே. இங்க காத்து நின்னாத்தான் மீன்.”

கிளெனிஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். சூப்பும் ரொட்டியும் சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது. சொல்லவில்லை.

மார்ச் 10

காற்று. கிளம்பலாம் என்றேன். “அந்த மீனைச் சாப்பிடாம நான் வர்றதா இல்ல” என்றாள் கிளெனிஸ்.

மார்ச் 11

காற்று. கேரவன் டயரை மூன்று முறை சோதித்துவிட்டேன். எனக்கு என்னதான் கேடு? ஊர் நன்றாக இருக்கிறது. அதுதான் பயமாக இருக்கிறதோ?

கிளெனிஸ் தானாகவே போய் மாரிட்ஸாவுக்கு உருளைக்கிழங்கு சீவிக்கொடுத்துவிட்டு வந்தாள். சாயங்காலம் நிதானமாகச் சொன்னாள்: “மெர்வ், நாலு மாசமா வண்டிக் கண்ணாடி வழியாத்தான் கடலைப் பாக்குறேன். இனிமே நீ கிளம்பினா, நான் பஸ்ஸைப் பிடிச்சு வயாலாவுல நம்ம வீட்டுக்கே போயிடுவேன். மிரட்டல்னு நினைக்காத.”

மிரட்டல் இல்லை. நான்காவது முறையாக டயரைப் போய்ச் சோதித்தேன்.

மார்ச் 12

எழுதவே கூசுகிறது.

மீன் சாப்பிட்டுவிட்டால் கிளம்புவாள் அல்லவா? துறையில் நின்று நானே தூண்டில் போட்டேன். நான்கு கிழங்கான் மீன். வாளியோடு கொட்டகைக்குப் போய், “இதை வறுத்துக் கொடுங்க” என்றேன். மாரிட்ஸா வாளியை வாங்கினாள். கல்லா அருகே ஆணியடித்திருந்த அளவுகோலில் ஒவ்வொன்றாகக் கிடத்தினாள். சட்டப்படி முப்பது சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். மூன்று மீன் இருபத்தெட்டு. விவரம் தெரிந்த நாளிலிருந்து தூண்டில் போடுகிறவன் நான். அளக்காமல் ஒரு மீனை வாளியில் போட்டதில்லை. இன்றைக்கு அளக்கவில்லை. திருப்பிக் கடலில் விடவும் வழியில்லை, வெயிலில் செத்துவிட்டிருந்தன.

“இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா வளந்திருக்கும். அதுக்குக்கூட உனக்குப் பொறுமை இல்லையா?” என்றாள்.

மேசைகளில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த கிளெனிஸ் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்காக அவ வெக்கப்பட்டா — அதைத்தான் தாங்க முடியல. போறேன். காலையிலேயே போறேன். இவங்களும் இவங்க மீனும்!

மார்ச் 13

போனேன். கிளெனிஸ் ஏறவில்லை. தன் பையை மட்டும் இறக்கிக்கொண்டாள்.

தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு பேக்கரியில் நின்று, வாய் தவறி இரண்டு காபி சொன்னேன். கடைக்காரி வெளியே எட்டிப் பார்த்தாள். “இன்னொருத்தங்க வண்டியில இருக்காங்களா?” ஆமாம் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்?

வண்டியைத் திருப்பினேன். வழியில் ஒரு பஸ் எதிரே வந்தது. ஜன்னல்களில் யார் என்று தெரியவில்லை. அதன்பிறகு எப்படி ஓட்டினேன் என்று எனக்கே நினைவில்லை.

கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள் கிளெனிஸ்.

“காபி ஆறிடுச்சு” என்று நீட்டினேன். வாங்கிக்கொண்டு, இன்னொரு கத்தியை என் பக்கம் தள்ளினாள்.

மார்ச் 14

காற்று.

மார்ச் 17

காற்று நின்றது. வெண்ணெயில் வறுத்த கிழங்கான். கிளெனிஸ் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாள். கிளம்பலாமா என்று நான் கேட்கவில்லை.

ஜூன் 2

காற்று. கொட்டகைக் கதவில் ‘மீன் இல்லை’ என்று எழுதுவது இப்போது என் வேலை. எழுதிவிட்டுத் திரும்பினால், கேரவனை இழுத்துக்கொண்டு ஒருவர் வந்து நிற்கிறார். என்ஜினை அணைக்காமலே, “ஐஸ்ல வச்சது இருக்கா?” என்றார். அவர் மனைவி அதற்குள் இறங்கிவிட்டிருந்தார்.

“பெட்ரோல் பங்க்ல கிடைக்கும்” என்றேன். பிறகு மனசு கேட்கவில்லை. “வண்டியை அணைச்சிட்டு உள்ள வாங்க. சூப் இருக்கு.”

எங்கள் கேரவனில் ஒரு டயர் காற்றிறங்கித் தரையோடு தரையாகக் கிடக்கிறது. எப்போது இறங்கியது என்று தெரியவில்லை. மெதுவாகப் பார்த்துக்கொள்ளலாம்.