யாருடைய மகள் என்று வாசிப்பது

அன்பு மகளுக்கு,

நீ சுகமாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன். இங்கே நானும் உன் அம்மாவும் சுகம், என் கோபம்தான் இறங்கவில்லை. இன்று மதியம் பங்குத்தந்தையே நான் எழுத்து வேலை பார்க்கும் கோயில் அலுவலகத்துக்கு வந்து சொன்னார்: கோயில் துணிகளைத் துவைத்துத் தரும் சலவைக்கார அம்மா சம்மதித்தால், ஞாயிறு பூசையில் அவர் மகளின் கல்யாண அறிவிப்பு ஓலையைப் பெற்றோர் பெயரே இல்லாமல் வாசித்துவிடலாமாம். உன்னோடு மறைக்கல்வி வகுப்பில் உட்கார்ந்த அதே பெண்தான்.

மணப்பெண்களை நான் பார்க்காதவனா? ஒருத்தி, போட்டோவில் விழுகிறது என்று பாவசங்கீர்த்தனக் கூண்டையே நகர்த்தச் சொன்னாள். இன்னொருத்தி மணியை மெதுவாக அடிக்கச் சொன்னாள். சிரித்துச் சமாளித்தேன். இவள் திங்களன்று வந்து, நின்றபடியே, ஓலையில் 'இன்னாரின் மகள்' என்று வரும் இடத்தில் சித்தப்பா, சித்தி பெயரைப் போடச் சொன்னாள். மாப்பிள்ளை வீட்டார் முன்வரிசையில் இருப்பார்களாம். அப்பாதான் உயிரோடு இல்லை, பெற்றவளை எங்கே வைப்பது என்று கேட்டேன். "இதே கோயில்ல துணி துவைக்கிறவங்க பேரை மைக்ல சொன்னா எல்லாரும் திரும்பிப் பார்ப்பாங்க அங்கிள். எனக்குத்தானே அசிங்கம்?" என்றாள். 'நீ மண்டியிடப்போகும் பீடத்துக்கு விரிப்பு துவைப்பது யார்?' என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, முடியாது என்று மட்டும் சொன்னேன். நேரே பங்குச் சாமியாரிடம் போய், நான் மரியாதையில்லாமல் பேசியதாகப் புகார். அவர் பொய்ப் பெயருக்கு ஒப்பவில்லை, ஆனால் சமாதானம் பண்ணுகிறேன் பேர்வழி என்று இந்த மொட்டை ஓலைக்கு வழி காட்டிவிட்டார்.

சாயங்காலம் அந்த அம்மாவிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. துணிமூட்டையை இறக்காமலே கேட்டுக்கொண்டார். "அப்போ அவ யாரும் பெக்காத பொண்ணாண்ணே?" என்றார். சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை, யோசித்துச் சொல்கிறேன் என்று போய்விட்டார்.

அவர் சம்மதித்துவிட்டால் நான் என்ன கிழிக்கப் போகிறேன் என்று உன் அம்மா கேட்கிறாள். சாமியாரே எழுதிக்கொள்ளட்டும், என் கையால் எழுத மாட்டேன். வேலை போனால் போகட்டும் என்றதற்கு, வாயைக் கொஞ்சம் கட்டுங்கள் என்கிறாள். நீயும் அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டு நியாயம் பேசாதே, பழி அவள் அம்மா தலையில்தான் விடியும்.

பல் வலியைத் தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டு. ஆண்டவர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றட்டும். அந்த அம்மா சனிக்கிழமை பீட விரிப்பு மாற்ற வரும்போது பதில் சொல்வார். ஓலை வாசிப்பது ஞாயிறு முதல் பூசையில். இப்போதைக்கு அவர் பெயரோடுதான் எழுதி வைத்திருக்கிறேன்.

உன் அப்பா