படத்தின் ஓரத்தில் என் முழங்கை

அன்பு மகன் ஜோமருக்கு அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், நடமாடுகிறோம், இதற்குப் பெயர் சுகம் என்றால் சுகமாகத்தான் இருக்கிறோம். மணிலாவில் நீயும் நன்றாக இருக்க வேண்டும், உன் இருமல் விட்டிருக்க வேண்டும் என்று மாதாவிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இதையெல்லாம் போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் அந்தப் போனைத் தொடவே எனக்கு இப்போது அருவருப்பாக இருக்கிறது, அதில் எழுதினால் நீ எந்தப் பெயரில் உட்கார்ந்து படிப்பாயோ அதுவும் தெரியாது. அதனால் காகிதத்தில் எழுதி மணிலாவுக்கு வருகிற கப்பலின் சமையற்காரர் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

மழை இன்னும் விடவில்லை, சமையலறைக் கூரை பழையபடி ஒழுகுகிறது, அப்பா ஏறி அடைக்கிறேன் என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார், ஏறுவதில்லை. கடலுக்கும் சரியாகப் போவதில்லை. விடிந்ததும் ரேடியோவைத் திருகி வைத்துக்கொண்டு உட்காருகிறார். அதில் இரைச்சல் மட்டும்தான் வருகிறது, அதையே கேட்கிறார். அணைங்களேன் என்றால், "காத்து எந்தப் பக்கம்னு சலோமே சொல்லாம நான் எந்தப் பக்கம் போறது"ன்னு என் மேல் எரிந்து விழுகிறார். உன் ஞானத்தாய் சலோமே செத்த செய்தி உனக்கு வந்திருக்கும். எப்படிச் செத்தாள் என்பதும் வந்திருக்கும். ஆனால் இங்கே என்ன நடந்தது என்பதை நான்தான் உனக்குச் சொல்ல வேண்டும்.

காற்று, மீன் விலை, யார் வீட்டு ஆடு காணோம், யார் செத்தார்கள், இதையெல்லாம் கோயில் ரேடியோவில் அவள் குரலில் கேட்டுத்தான் இந்த ஊர் பல் விளக்கியது. கரையோர மணலை அள்ளிக்கொண்டு போகிற கப்பலைப் பற்றி அவள் பேச ஆரம்பித்ததும் நேயர் கடிதம் குறைந்தது. பிறகு போனில் அந்தப் படம் வந்தது. சலோமே அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் நிற்கிறாள், பின்னால் ஆண்கள் மூட்டை தூக்குகிறார்கள், படத்துக்கு அடியில், மலையில் துப்பாக்கியோடு திரிகிறவர்களுக்கு ரேடியோக்காரி சோறு போடுகிறாள் என்று எழுத்து. பக்கத்து வீட்டு நெனிட்டா சந்தையில் வைத்துத் தன் போனை என் முகத்துக்கு முன்னால் ஆட்டினாள், கண்ணாடி இல்லாமல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "சலோமே அப்படிப்பட்டவ இல்லடி"ன்னு சொன்னேன். "படம் பொய் சொல்லுமா லிட்டா"ன்னு கேட்டாள். ஒவ்வொரு நாளும் காது நிறையக் கேட்ட குரலை ஒரே படத்துக்காகத் தூக்கிப் போட்டுவிட்டார்கள். ரொட்டிக் கடைக்காரன் அவளிடம் ரொட்டி தீர்ந்துவிட்டது என்று சொல்லியிருக்கிறான், தட்டு நிறைய ரொட்டியை வைத்துக்கொண்டு. அவள் என்னிடம் வந்து சிரித்தாள், "மலைக்காரங்களுக்கே போட்டுட்டேன்ல, எனக்கு எங்க மிஞ்சும்"னு. சிரித்தாளே தவிர, காப்பியை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

அந்த வாரமே ரேடியோவுக்குப் போகிற வழியில் மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் அவளைச் சுட்டார்கள். நிலையத்தில் போட்டு வைத்த பாட்டு முடிய முடியத் திரும்ப ஓடிக்கொண்டே இருந்தது, அப்பா, "இன்னிக்கு என்ன, பாட்டாவே போடுறா"ன்னு சலித்துக்கொண்டார். ஊரில் எல்லார் சாவையும் வாசித்தவளின் சாவை வாசிக்க ஆளில்லை ஜோமர். சாவு வீட்டுக்கும் கூட்டம் இல்லை. செத்தவளைத் தனியாக விடக்கூடாது என்று விடிய விடியச் சீட்டாட வருவார்களே, அவர்களில் ஒருத்தன்கூட வரவில்லை. யாராவது படம் எடுத்து நம்மையும் மலைக்காரன் ஆக்கிவிடுவார்களோ என்ற பயம். நெனிட்டா மட்டும் முக்காடு போட்டுக்கொண்டு பிஸ்கட் டின்னோடு வந்து அழுதாள். படத்தை ஊரெல்லாம் அனுப்பின அதே கையால் என் கையைப் பிடித்தாள், அந்தக் கையை ஒடித்துப் போட்டிருப்பேன், சாவு வீடாயிற்றே என்று விட்டேன்.

கொலையானவளாயிற்றே, சவப்பெட்டிக் கண்ணாடி மேல் கோழிக்குஞ்சு விட்டார்கள். அது இரை கொத்துகிற ஒவ்வொரு கொத்தும் கொன்றவன் நெஞ்சில் விழும் என்று சின்ன வயசில் நீயும் வாயைப் பிளந்து கேட்டிருக்கிறாய். அவள் புருஷன் பெர்டோ என்னைத்தான் இரை தூவச் சொன்னான், கூடப் பிறந்தவள் மாதிரி நீதானே என்று. சோளக் குருணையை அள்ளித் தூவினேன். மனசாரச் சபித்துக்கொண்டே தூவினேன். அது அவள் முகத்துக்கு மேலே டொக் டொக்கென்று கொத்தியது. அப்புறம் பெர்டோ தன் போனில் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, "இது எங்க எடுத்ததுன்னு உனக்காச்சும் தெரியுதா லிட்டா"ன்னு நீட்டினான். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஓரத்தில் ஒரு முழங்கை தெரிந்தது. எண்ணெய் கொட்டி வெந்த தழும்போடு.

என் முழங்கை எனக்குத் தெரியாதா? புயலுக்குப் பிறகு வீட்டுக்கு ஒரு பிடி அரிசி கொடுங்கள் என்று அவள் ரேடியோவில் கேட்டு, ஊரே கொடுத்து, நம் கொல்லையில் நான் கஞ்சி காய்ச்சின நாள் அது. மூட்டை தூக்குகிறவர்கள் மேட்டுத் தெருவில் வீடு பறிகொடுத்தவர்கள். படம் எடுத்தது நீ. முழுப் படத்தைச் சட்டம் போட்டு என் பிறந்த நாளுக்கு அனுப்பினதும் நீ. அதில் நான் கரண்டியோடு நிற்கிறேன், அண்டா இருக்கிறது, தட்டேந்தி நிற்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். அதையெல்லாம் வெட்டி எறிந்திருக்கிறது. உன்னிடமும் நம் வீட்டுச் சுவரிலும் அல்லாமல் அந்தப் படம் வேறு எங்கும் கிடையாது. போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது உன் வேலையைப் பற்றி என்ன சொன்னாய், "ஒரு நாள் நான் டீச்சரம்மா, ஒரு நாள் மீன்காரி, ஒரு நாள் ரிட்டயர்டு சிப்பாய், அவங்க பேர்ல போன்ல எழுதுறதுக்குத்தாம்மா சம்பளம்"னு சொன்னாய். அந்தப் படத்துக்கு அடியில் முதல் ஆளாக அவளைத் திட்டினது ஒரு மீன்காரி என்று பெர்டோ சொன்னான். நம் ஊரில் யாருக்கும் அந்த மீன்காரியைத் தெரியவில்லை.

தெரிந்தே கொடுத்தாயா, சும்மா கேட்டார்கள் என்று கொடுத்தாயா, அதை மட்டும் என்னிடம் உண்மையாகச் சொல். உன்னை ஞானஸ்நானத்துக்குத் தூக்கிக்கொண்டு நின்றவள் அவள். நான் தூவின இரை யார் நெஞ்சில் விழுந்தது என்று நினைக்க எனக்குப் பயமாக இருக்கிறது, ஆனால் ஒன்றும் விழவில்லை என்று நீ சொன்னால் அதைவிடப் பயம்.

சுவரிலிருந்து படத்தைக் கழற்றித் துணிக்கு அடியில் வைத்திருக்கிறேன். போனில் வந்த படத்தைப் பார்த்துவிட்டு அப்பா, "நம்ம கொல்லை மாதிரி இருக்கே"ன்னார், உங்களுக்குக் கண் போச்சு என்று வாயை அடைத்துவிட்டேன். இனி அடைக்க முடியாது. அவளுடைய நாற்பதாம் நாள் பூசைக்குப் பிறகு ரேடியோவை ஒரு மணி நேரம் திறக்கிறார்கள், அவளைப் பற்றிப் பேச விரும்புகிறவர்கள் பேசலாம் என்றார் சாமியார். ஒருத்தரும் முன்வரவில்லை, நான் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டேன். "வேணாம் லிட்டா, அடுத்த படம் உன்னோடதா இருக்கும்"னு பெர்டோவே தடுக்கிறான். எனக்கும் பயம்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ரேடியோவில் படம் தெரியாது, அதனால் வாயால் சொல்லப் போகிறேன். யார் யார் நிற்கிறார்கள், யார் வீட்டு அரிசி, யார் வீட்டு அண்டா, எடுத்தது யார், எல்லாம். நீ வந்து என் பக்கத்தில் நின்றால் கடைசி விஷயத்தை நீயே உன் சொந்தப் பெயரில் சொல்லலாம். வராவிட்டால் நான் சொல்வேன், என் மகன் என்று சொல்வேன்.

மாதா உன்னைக் கைவிடாமல் இருக்கட்டும், உன் தலைமேல் என் கை எப்போதும் இருக்கும், அதில் சந்தேகப்படாதே. கப்பலில் கூட்டமாக இருக்கும், முன்னாடியே சீட்டு எடுத்துவிடு, கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொள், கடல் காற்று இருமலுக்கு ஆகாது. கோழிக்குஞ்சின் சத்தத்தைப் பெர்டோவால் தாங்க முடியவில்லை, இங்கே கொண்டுவந்துவிட்டேன். இறகு முளைத்துவிட்டது. உன் கட்டிலுக்கு அடியில்தான் கொத்திக்கொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
உன் அம்மா
கார்மெலிட்டா