பதினேழாம் நம்பர் டிரைவர்

என்னங்க,

ஸ்தோத்திரம் எல்லாம் அப்புறம். முதல்ல இதைப் படிங்க.

ஸ்ரீ சிட்டி கம்பெனிங்களுக்கு பஸ் ஓட்டுற நாற்பது டிரைவருங்க, தூக்க ஆராய்ச்சிக்காக செல்போன்ல சிவப்புப் புள்ளி வந்ததும் தட்டுறீங்களே, அது யூனிவர்சிட்டியில என் கம்ப்யூட்டருக்குத்தான் வருது. பேர் வராது, நம்பர்தான். எந்த நம்பர் யாருன்னு தெரிஞ்சாலும் வெளியில சொல்லக்கூடாதுன்னு கையெழுத்து போட்டிருக்கேன்.

ஆனா ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நேரத்துல பதினேழாம் நம்பர் மட்டும் தட்டுறதே இல்லை. நாற்பது பேர்ல சர்ச்சுல போனை அணைச்சு வைக்கிறவர் யாருன்னு எனக்குத் தெரியாதா?

தட்டுற வேகத்தைப் பார்த்தா, மூணு வாரமா அவருக்கு நாலு மணி நேரம்தான் தூக்கம். வீட்டுல கேட்டா, "பகல்ல வண்டியிலயே நல்லா தூங்கிக்கினு இருக்கேன்"னு சொல்றார்.

நாளைக்குக் காலை ட்ரிப்பை என் கம்ப்யூட்டர் மாடல்ல நாலு தடவை ஓட்டிப் பார்த்தேன். நாலு தடவையும், கண்ணு திறந்திருக்கும்போதே ரெண்டு செகண்டு அவர் மூளையில ஒண்ணுமே பதியலை. அதுக்குள்ள பஸ் முப்பது மீட்டர் போயிடும்.

பதினேழு யாருன்னு நான் யார்கிட்டயும் சொல்லலை. பஸ் சாவி என் கைப்பையில இருக்குது. சூப்பர்வைசர் போன் பண்ணா, பொண்டாட்டி சண்டை போட்டுக்கினு சித்தூருக்குப் போயிட்டா, சாவியும் அவகிட்டதான்னு சொல்லுங்க. சொல்லிட்டுப் படுங்க.

இப்படிக்கு,
சண்டையே போடாம கிளம்பினவ