மோமோவுக்குக் கிழித்த வேட்டி

நவ. 19, புதன்

காலையிலிருந்து மூட்டம். விட்டுவிட்டுத் தூறல். துவைத்தது எதுவும் காயவில்லை, தரை துடைக்கும் துணி உட்பட. இன்றைய தேதிக்கு இந்த வீட்டில் அதுதான் முக்கியமான துணி.

யாழினி நேற்று பஸ் ஏறி பெங்களூருக்குப் போய்விட்டாள். மறக்காமல் எடுத்துப்போனது: சார்ஜர், ஊறுகாய், இட்லிப்பொடி. மறக்காமல் விட்டுப்போனது: நாய்க்குட்டி. ஹாஸ்டலில் வைத்துக்கொள்ளக் கூடாதாம். வாங்கும்போது தெரியாதாம். பெற்ற மகளாச்சே, என்ன சொல்ல. ஷிட்ஸு ஜாதியாம். வளர்ந்தாலும் பூனை அளவுதானாம். பேர் மோமோ. முகம் முழுக்க மயிர். கண் எங்கே, மூக்கு எங்கே என்று ஒதுக்கிப் பார்க்கவேண்டியிருக்கிறது.

வீட்டுக்காரர் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தபடியே சட்டம் போட்டார். "ஊட்ல எங்கனா போவட்டும், நான் கேக்கல. பட்டு மேல ஒரு சொட்டு பட்டுச்சின்னா, அன்னிக்கே படவேடு."

படவேட்டில் என் தம்பி சேகர். வாழைத்தோட்டம், மாடு, கன்றுக்குட்டி உயரத்தில் இரண்டு நாய். இந்தக் கையகலக் குட்டி அங்கே எந்த மூலைக்கு?

ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை. தறி கூடத்தில் இருக்கிறது. சமையலறைக்குப் போக, பாத்ரூமுக்குப் போக, எல்லாவற்றுக்கும் தறியைச் சுற்றித்தான் வழி. தறியில் இப்போது இருப்பது முகூர்த்தச் சேலை. சந்தன நிறம், அரக்கு பார்டர். வெம்பாக்கம் பக்கம் ஒரு கல்யாணப் பெண்ணுக்கு. நூல், ஜரிகை எல்லாம் முதலாளி கொடுத்தது. எங்களுடையது கையும் காலும்தான்.

இன்று போன இடங்கள்: மிதியடி. ஃப்ரிட்ஜ் அடி. அவருடைய இடது செருப்பு. சாமி அலமாரி முன்னால் (ஐயோ). நான் துடைத்துக்கொண்டிருந்த இடத்துக்குப் பக்கத்து இடம்.

மூத்திரம், மூத்திரம் என்று எழுதிக் கை வலிக்கிறது. இனி மூ.

நவ. 20, வியாழன்

மூ. எண்ணவில்லை. எண்ணினால் அழுகை வரும்.

யாழினி வீடியோ அனுப்பினாள். ஒரு வெள்ளைக்காரம்மா. அவள் நாய் கதவில் தொங்கும் மணியை மூக்கால் தட்டுகிறது. கதவு திறக்கிறாள். வெளியே புல்லு, கண்ணுக்கெட்டிய தூரம். நானும் கதவைத் திறந்து பார்த்தேன். சாக்கடை, எதிர்வீட்டு பைக், சைக்கிள் கடை வாசலில் ஐந்தாறு தெருநாய். ஊசி எல்லாம் போட்டு முடிக்கிறவரைக்கும் தெருவில் இறக்கவே கூடாது என்று மாட்டாஸ்பத்திரி டாக்டர் வேறு சொல்லியிருக்கிறார். பின்பக்கம் துணி துவைக்கிற சிமெண்ட் இடம் ஒன்றுதான் கதி. அங்கே கொண்டுபோய் விட்டால் உட்கார்ந்து கொட்டாவி விடுகிறது. உள்ளே தூக்கிவந்த மறுநிமிஷம் மூ.

எதிர்வீட்டு அமுதா மோர் வாங்க வந்தவள், நான் குந்தித் துடைப்பதைப் பார்த்துவிட்டு யோசனை சொன்னாள். "மூக்க அதுலயே வெச்சித் தேச்சி உடுக்கா. ஒரே நாள்ல கத்துக்கும்." அவள் போனதும் கழுத்தைப் பிடித்துத் தூக்கினேன். என் மணிக்கட்டை நக்கியது. இறக்கிவிட்டேன். நான் எதற்கும் லாயக்கில்லை.

பால் பாக்கெட் சொல்ல வேண்டும். கேஸ் புக் செய்ய வேண்டும். ஃபினாயில் இரண்டு.

நவ. 22, சனி

கூரியரில் யாழினி அனுப்பிய பார்சல். நாய் மூ. போவதற்கென்றே செய்த விரிப்பாம், அடியில் நீல பிளாஸ்டிக், உள்ளே பஞ்சு. விரித்தேன். மேலே ஏறிப் படுத்தது. சரி, பழகட்டும் என்று குழம்பைக் கவனிக்கப் போனேன். வருவதற்குள் குடலை உருவிவிட்டது. கூடம் முழுக்கப் பஞ்சு. ஃபேன் காற்றில் பறந்து, தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூல் மேலெல்லாம் ஒட்டிக்கொண்டது. அவர் நெசவை நிறுத்திவிட்டு, விரலை ஈரம் பண்ணி, ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தார். கத்தினால்கூடப் பரவாயில்லை.

சாயங்காலம் குழிக்குள் விழுந்துவிட்டது. கீச்சென்று சத்தம். அவர் ஒரு கையால் கொத்தாக அள்ளி மேலே வைத்தார். "ஏம்மே, உன் புள்ள உழுந்துட்டான் பாரு."

உன் புள்ளயாம். குறித்து வைத்துக்கொள்கிறேன்.

நவ. 24, திங்கள்

கடவுளே, நடந்துவிட்டது.

பீரோவைக் குடையும்போது அவருடைய பழைய வெள்ளை வேட்டி ஒன்று. கரை நைந்து, தொட்டால் பஞ்சு. யாழினி பிறந்தபோது இப்படித்தான் வேட்டியை நான்காகக் கிழித்துப் போட்டோம். இதையும் கிழித்தேன். ஒரு துண்டில் காலை மூ. துடைத்த துணியை லேசாக ஒற்றி, பின்பக்கச் சிமெண்டில் விரித்து, குட்டியை மேலே நிறுத்தி, நானும் எதிரில் குந்திக்கொண்டு "உஸ்ஸ்ஸ்" என்றேன். கைக்குழந்தைக்குச் சொல்கிற அதே உஸ். மோந்தது. இரண்டு சுற்று சுற்றியது. போனது!

பரிசாக அவித்த முட்டையில் ஒரு துண்டு. மதியமும் போனது. சாயங்காலமும் போனது. யாழினிக்கு போன் போட்டேன். அவள் வேலைக்குச் சேர்ந்த அன்றுகூட இவ்வளவு சத்தமாகப் பேசவில்லையாம் நான்.

நவ. 27, வியாழன்

கூடத்தில் ஒரு சொட்டு இல்லை. ஃபினாயில் பாட்டில் அப்படியே இருக்கிறது. அமுதாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "மூக்கு தேச்சியா?" என்றாள். இல்லையென்றேன். நம்பவில்லை.

துண்டு ஈரமாகக் கொடியில் தொங்கினால் போகாது. விரித்திருந்த இடத்தில் நின்று என்னையே பார்த்து முனகும். காய்ந்த துண்டைக் கொண்டுவந்து போட்டால்தான். நேற்று அவருடைய கர்ச்சீப் கீழே விழுந்து கிடந்தது, அதன்மேலும் போய்விட்டது. அதுவும் வெள்ளை. சிரித்துக்கொண்டே அலசிப் போட்டேன்.

மதியம் அவர் குரல் கொடுத்தார். குட்டி குழிக்குள் இறங்கி அவர் பாதத்தின் மேல் படுத்திருக்கிறது, தறி மிதிக்க முடியவில்லை, வந்து தூக்கிக்கொண்டு போ என்று. போனேன். குனியும்போது, "இருக்கட்டும். இப்பதான் தூங்கிச்சி" என்றார். தறி அரைமணி நேரம் சும்மா நின்றது. இந்த மனுஷன் என் காய்ச்சலுக்குத் தறியை நிறுத்தியதில்லை.

நவ. 30, ஞாயிறு

எழுத மனசு வரவில்லை. எழுதாவிட்டால் தூக்கம் வராது.

இன்று அறுப்பு. சேலை முடிந்து தறியிலிருந்து அறுத்தெடுத்தோம். அறுப்பு நாளில் எங்கள் வீட்டு வழக்கம்: சாமி அலமாரி முன்னால் சலவை வேட்டியை விரித்து, அதன்மேல்தான் சேலையை இறக்குவோம். வெறும் தரையில் பட்டு படக்கூடாது. குங்குமம், கற்பூரம், பிறகு பிசிறு பார்த்து மடித்து முதலாளி வீட்டுக்கு. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். என் கையாலேயே எத்தனையோ தடவை விரித்திருக்கிறேன். இன்றும் நான்தான் விரித்தேன். வெள்ளை வேட்டி.

சேலையை அதன்மேல் இறக்கிவிட்டு, அவர் பிசிறு வெட்டக் கத்தரி தேடிப் போனார். நான் கற்பூரம் எடுக்க உள்ளே. மழைக்காகப் பின்கதவைச் சாத்தியிருந்தேன். அதற்கு முட்டிக்கொண்டு வந்துவிட்டது போலிருக்கிறது. துண்டைத் தேடி வந்திருக்கிறது. நான் திரும்பி வரும்போது வேட்டியின் மேல் ஏறிவிட்டது. மோந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டு சுற்று. சொல்லிக்கொடுத்தபடியே.

பாதி வேட்டியில். பாதி சேலையில்.

செய்துவிட்டு என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. முட்டைக்கு.

அவர் கத்தரியோடு வந்து நின்றார். பக்கத்தில் உட்கார்ந்து, காய்ந்த துணியால் ஒற்றி ஒற்றி எடுத்தார். சந்தன நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள் திட்டு. கட்டினால் உள்சுற்றில் மறைந்துவிடும் என்று நான்தான் சொன்னேன். என்னை ஒரு பார்வை பார்த்தார்.

முதலாளி வீட்டுக்குத் தானே எடுத்துப்போய், நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தார். நாய் கால் பட்ட சேலையை முகூர்த்தத்துக்கு எப்படிக் கொடுப்பது என்று முதலாளி கேட்டாராம். கடையிலிருந்து வேறு சேலை கொடுத்துச் சமாளித்துக்கொள்கிறாராம். சேலை இவர் தோளிலேயே திரும்பி வந்தது. இத்தனை நாள் காலும் கையும் வீண்.

கை கழுவிக்கொண்டே சொன்னார். "சேகருக்கு போன் போடு."

டிச. 1, திங்கள்

சேகர் உரம் வாங்க இங்கே ஆரணிக்கு வந்திருந்தான். ஒயர் கூடையில் வைத்துக் கொடுத்தேன். தலை மட்டும் வெளியே. ஊருக்கு அழைத்துப்போவதாக நினைத்துக்கொண்டது, பைத்தியம். வேட்டித் துண்டையும் வைத்தேன். சேகர் எடுத்துத் திருப்பிக் கொடுத்தான். "அங்க அவ்ளோ மண்ணு கெடக்குதுக்கா. எங்க வேணா போவட்டும்." உண்மைதானே. வாங்கிக்கொண்டேன்.

அவர் வாசலுக்கு வரவில்லை.

யாழினியிடம் சொன்னேன். "நீங்கதானம்மா கத்துக்குடுத்தீங்க" என்று அழுதாள். நான்தான். இல்லையென்றேனா? போனை வைத்துவிட்டாள்.

டிச. 2, செவ்வாய்

வீடு சுத்தம். துடைக்கும் துணி கொடியில் மொடமொடவென்று காய்ந்து கிடக்கிறது. பார்க்கவே பிடிக்கவில்லை.

புதுப்பாவு பிணைக்கிறார். குழியில் கால் வைப்பதற்கு முன்னால் ஒருதரம் குனிந்து உள்ளே பார்த்துவிட்டு வைத்தார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

மதியம் சேகர் போன். நேற்று போனதிலிருந்து சாப்பிடவில்லையாம். அதுகூடப் பரவாயில்லை, மூ. போகவே இல்லையாம். மண்ணில் விட்டால் நிற்கிறது, சுற்றுகிறது, முனகுகிறது, திரும்பி வந்துவிடுகிறது. வயிறு கல் மாதிரி இருக்கிறதாம். டேய், வெள்ளைத் துணி விரிடா என்றேன். அவன் வீட்டில் எல்லாம் கைலியாம். வெள்ளை என்றால் கோயிலுக்குக் கட்டுகிற வேட்டி ஒன்றுதான், நாளைக்கு தீபத்துக்கு அதைக் கட்டவேண்டுமாம். உரச்சாக்கு வெள்ளையாக இருக்கிறதே என்று விரித்துப் பார்த்தானாம். மோந்து பார்த்துவிட்டு வந்துவிட்டதாம். பேசிக்கொண்டிருக்கும்போதே கட்டாகிவிட்டது. பிறகு எத்தனை தடவை போட்டாலும் கிடைக்கவில்லை.

அவரிடம் சொன்னேன். பாவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் அரிசி களைந்துகொண்டிருக்கும்போது, சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"அது மேல இன்னாம்மே தப்பு? வெள்ளத்துணியப் பாத்தா போவச் சொன்னோம். போச்சி."

டிச. 3, புதன். தீபம்

விடிகாலையிலேயே பஸ் ஸ்டாண்டு. பையில் வேட்டித் துண்டு. எல்லா பஸ்ஸும் தீபத்துக்குத் திருவண்ணாமலை போய்விட்டது. படவேடு பஸ் எப்போது வரும் என்று கேட்டால், கேட்ட என்னை வேடிக்கை பார்க்கிறார்கள். மழை பிடித்துக்கொண்டது. பையும் துண்டும் தொப்பல். ஒன்றும் செய்யத் தெரியாமல் வீட்டுக்கு வந்தேன்.

வாசலில் வண்டி. அவர் மழைக்கோட்டோடு நிற்கிறார். மழைக்கு முன்னாலேயே கொடியிலிருந்து எடுத்துவைத்த அறுப்பு வேட்டி, இந்த ஞாயிற்றுக்கிழமை விரித்தது, அவர் கையில். ஒரே இழுப்பில் இரண்டாகக் கிழித்து பிளாஸ்டிக் பையில் சுருட்டினார். "பாத்துகினு நிக்காத. ஜல்தி ஏறு. அடக்கிகினு கீது அது."

வழி முழுக்க மழை. படவேட்டு ரேணுகாம்பாள் அம்மனை வேண்டிக்கொண்டேன், நாய்க்கு மூ. வரவேண்டும் என்று. அம்மாளுக்கே சிரிப்பு வந்திருக்கும்.

மாட்டுக்கொட்டகை ஓரத்தில் சுருண்டு கிடந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்தது, ஓடிவரத் தெம்பில்லை. அவர் கொட்டகைக்குள்ளேயே காய்ந்த இடமாகப் பார்த்து வேட்டியை விரித்தார், அறுப்புக்கு விரிக்கிற மாதிரி சுருக்கம் நீவி. மோந்தது. இரண்டு சுற்று. போனது, போனது, போய்க்கொண்டே இருந்தது. சேகர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தான். நான் அழுதேன்.

முடித்துவிட்டு வாலை ஆட்டியது. பழக்கதோஷம். நான் வெறுங்கையோடு வந்திருக்கிறேன். அவசரத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை.

அவர் சட்டைப் பையில் கையை விட்டார். காகிதத்தில் சுற்றிய முட்டை. உரித்தது. எப்போது வேகவைத்தாரோ.

விளக்கு வைப்பதற்குள் மூன்று பேரும் வீடு வந்து சேர்ந்தோம். வீட்டில் இருக்கிற வெள்ளைத் துணி எல்லாவற்றையும் பீரோவில் வைத்துப் பூட்டினேன். இனி கலர் துணியில் ஆரம்பத்திலிருந்து பழக்க வேண்டும். அவருடைய நீலக் கைலி ஒன்றைக் கிழித்து, பின்பக்கம் விரித்து, உஸ் என்றேன். மோந்தது. என்னைப் பார்த்தது. இறங்கி நேராக வாசலுக்குப் போய், அவருடைய இடது செருப்பில் மூ.

அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். துடைக்கிற துணி எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டார்.